மார்க் என்று இங்கே யாரும் இல்லை

மெல்போர்னில் நான் செவ்வாய்தோறும் போகும் வகுப்பில் முன்வரிசை கிடையாது. எல்லாம் வட்ட மேசைகள். என்னைப் போலப் பிள்ளைகளை நம்பி வந்து இறங்கிய கிழடுகளுக்கு, நூலகத்தின் ஒரு மூலையில் ஆங்கிலம் பேசப் பழக்குகிறார்கள். மேசைக்கு நான்கு பேர். ஆசிரியை மேகன் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து சீட்டு எடுப்பாள். பெயர் வந்தவர் தம் மேசைக்காகப் பேச வேண்டும். முதல் நாள் அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஊரில் இருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கணிதம் படித்தவர்களாக இருக்கலாம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தேன். ஒருநாள் பலகை நிறையக் கணக்கைப் போட்டு முடித்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். வகுப்பில் முதலாவதாக வரும் செண்பகம் எழுந்தாள்.

“ரெண்டாவது வரியில மைனஸ விட்டுட்டீயளே சார்.”

வகுப்பே சிரித்தது. அவள் சிரித்தாளா என்று எனக்கு நினைவில்லை. சிரித்தாள் என்றே வைத்துக்கொண்டேன். எங்கள் தெருப் பையன் ஒருவனும் அந்த வகுப்பில் இருந்தான். அதனால் ‘மைனஸ் சார்’ என்ற பட்டப்பெயர் என்னோடு பஸ் ஏறி, நான் குடியிருந்த தச்சநல்லூர் வரை வந்துவிட்டது. டீக்கடை அண்ணாச்சி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “மாஸ்டர், மைனஸ் சாருக்குச் சீனி ப்ளஸான்னு கேளும்வே!” டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்: அவளை முதலிடத்திலிருந்து இறக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் என்னை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குழுவாகக் கற்றல் அப்போது எங்களுக்குப் புதிது. மாணவர்களை நால்வர் நால்வராகப் பிரிக்க வேண்டும். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு சீட்டுக் குலுக்கி ஒருவரை எழுப்ப வேண்டும். அவர் வாங்கும் மார்க்தான் நால்வருக்கும். மற்ற ஆசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் கையில் ஆயுதம் கிடைத்தவனாகத் திரும்பி வந்தேன்.

செண்பகத்தைக் கடைசி பெஞ்சுக்காரர் மூவரோடு சேர்த்தேன். அவர்களில் ஒருத்தி இசக்கியம்மாள். பாபநாசத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். திக்குவாய். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள்.

ஒரு மத்தியானம் வராந்தாவில் அவர்கள் குரல் கேட்டது.

“பைய சொல்லுட்டி, பஸ்ஸா போயிரப் போவுது? இங்கன ஏன் மைனஸ் வருது?” என்றாள் செண்பகம்.

இசக்கி விளக்கினாள். ஒரு சொல்கூடத் திக்கவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது. பயிற்சியில் சொன்ன முறை பலித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதனாலேயே ஆத்திரம் கூடியது.

இன்டர்னல் மார்க் போடும் நாளில் அந்தக் குழுவுக்கான நான்கு சீட்டுகளைச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். நான்கிலும் இசக்கியின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் எழுந்தாள். உதடு துடித்தது, சொல் வரவில்லை. பிறகு நேரே பலகைக்குப் போய் முழுக் கணக்கையும் போட்டாள். மைனஸ் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சாக்பீஸை அவள் கீழே வைத்த பிறகு நான் சொன்னேன்: “வாயால் சொல்ல வேண்டும். எழுதினால் செல்லாது. பூஜ்யம்.” அந்த விதி அந்த நிமிடம் வரை இல்லை.

“எனக்குப் போடாண்டாம் சார். அவளுக்குப் போடுங்க. அவதான எழுதுனா?” என்றாள் செண்பகம்.

“குழுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

அவள் என்னையே பார்த்தாள். “அப்ப பூஜ்யத்துக்கு முன்னால மைனஸ விட்டுட்டீயளே சார்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

செண்பகம் இறுதித் தேர்வில் அள்ளிக்கொண்டு, முதலிடத்தோடு மேலே படிக்கப் போனாள். என் அடி அவள்மேல் விழவே இல்லை. இசக்கி அதற்குப் பிறகு கல்லூரிக்கு வரவில்லை. அணையில் வேலை பார்க்கும் அவள் அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். “பிள்ளைக்குப் படிப்பு ஏறல சார். ஒங்களுக்குச் செரமம் குடுத்துட்டா. மனசுல வச்சுக்கிடாதீய” என்று கும்பிட்டார். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வெட்கத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன்: அந்த வகுப்பின் சிரிப்பு நினைவுக்கு வந்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

போன மாதம் பிஸ்கட் டப்பாவிலிருந்து என் பெயர் வந்தது. உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள் மேகன். நாற்பது வருடம் வகுப்பில் பேசிய வாய் திறக்கவில்லை. எழுந்து பலகைக்குப் போய்ப் பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வரை ஆற்றை வரைந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தண்டனைக்குக் காத்து நின்றேன். “மார்க்?” என்று கேட்டேன்.

மேகன் சுற்றும் முற்றும் பார்த்தாள். “மார்க் என்று இங்கே யாரும் இல்லையே?”

மற்றச் சீட்டுகளைக் காட்டச் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பிரித்துக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர்.

அடுத்த செவ்வாய் யாருக்கும் தெரியாமல், அன்று நான்கு சீட்டிலும் எழுதிய அதே பெயரை ஒரு சீட்டில் தமிழில் எழுதி டப்பாவில் போட்டேன். நேற்று அது மேகன் கைக்கு வந்தது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். “இது யார்?”

“என் குழு” என்றேன்.

“இன்றைக்கு வரவில்லையா?”

“வரவில்லை.”

“பரவாயில்லை, வரட்டும்” என்று அதை மடித்துத் திரும்பவும் டப்பாவில் போட்டாள். வட்ட மேசையில், என் பக்கத்து நாற்காலியில், யாரோ கையை மட்டும் தூக்கியதுபோல இருந்தது.