காசு கொடுத்து வாங்கிய குரல்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் என்னைத் திருடன் என்று சொன்னவர் கணினி ஆசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, ஒரு பொதுக் கருத்துபோலச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. போன் லாக்க ஒடைக்கிறதும் ஒண்ணுதான், பீரோவ ஒடைக்கிறதும் ஒண்ணுதான். கிராக் பண்ண சாஃப்ட்வேர் போடறது சுத்தத் திருட்டு."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் 'ம்' கொட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ டம்ளரைக் கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன். டீ யாருடைய விடைத்தாள் கட்டின்மீதோ சிந்தி, கடைசியில் நானே மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. சிதம்பரத்தில் வீடு, கடலூரில் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் வேலை, தினமும் பஸ். பாடப்புத்தகம், சுற்றறிக்கை, நாவல், சண்டைக்கு வரும் மின்னஞ்சல் எல்லாவற்றையும் போன்தான் எனக்குப் படித்துக் காட்டும். திரையில் விரல் படும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்லும் வசதி அதில் உண்டு. திரைவாசிப்பான் என்போம். அது பேச ஒரு குரல் வேண்டுமல்லவா? நல்ல தமிழ்க்குரல் ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். ஆண்குரல். இனிமை என்றெல்லாம் சொல்ல முடியாது, ஜலதோஷம் பிடித்த கண்டக்டர் பேசுவதுபோல இருக்கும். ஆனால் மூன்று மடங்கு வேகத்தில் ஓட விட்டாலும் ஓர் எழுத்தை விழுங்காது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அது கொசு சத்தம். எனக்கு வழியில் ஆலப்பாக்கம் வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும்.

பணம் கொடுப்பதும் அதே போனில்தான். இப்போதைய நோட்டுகளை விரலால் தடவி எது எதென்று பிரிப்பது பெரும்பாடு. பஸ்ஸில், கடையில், எதை நீட்டினேன், எதைத் திரும்ப வாங்கினேன் என்று அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். போனில் கட்ட ஆரம்பித்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ரகசிய எண்ணை நானே தட்டி, பணம் போனதை நானே கேட்டுக்கொள்வேன். என் எண்ணை மனைவியிடமே சொன்னதில்லை. அவளும் அவளுடையதை என்னிடம் சொன்னதில்லை. குடும்பம் அந்தவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. படிப்பதும் பணம் கொடுப்பதும், இந்த இரண்டுக்கும் நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. என் மானம் மரியாதை எல்லாம் அந்த இரண்டில்தான் இருந்தது.

ஒருநாள் காலை போன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து பார்த்தால் ஜலதோஷக்காரர் இல்லை. அவர் இடத்தில் ஒரு பெண்குரல் உட்கார்ந்திருந்தது. பேச்சில் தேன் ஒழுகுகிறது. வேகம் கூட்டினால் பாதி எழுத்தை முழுங்கிவிடுகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நெட் இருந்தால்தான் அந்த அம்மணி வாயைத் திறப்பாள். பஸ்ஸில் புதுச்சத்திரம் பக்கம் சிக்னல் போனதும் பாதி வாக்கியத்தில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

பழைய குரலை மறுபடி போடப் பார்த்தேன். அதை விற்ற கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிக் கடையையே மூடிவிட்டதாம். நான் காசு கொடுத்தவன்தானா என்று சரிபார்க்க இப்போது ஆளில்லை. ஆளில்லாததால் குரல் வேலை செய்யாது. புதுப்பித்த போனும் அதை உள்ளே விடாது. போன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது' என்று பதில் வந்தது. அதையும் அந்தத் தேன்குரல்காரிதான் படித்தாள்.

என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, கடலூர் லாரன்ஸ் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை. 'எந்த லாக்கும் திறக்கப்படும்' என்று போர்டு வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அந்தக் கடை ஷட்டருக்கு மூன்று பூட்டு, உள்ளே கேமரா வேறு. என் கதையைக் கேட்டதும் அவனுக்கு வீரம் வந்துவிட்டது.

"மாமா, காசு குடுத்து வாங்குன போனு. அதுக்குள்ள இன்னா போடணும், இன்னா போடக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் இன்னா சொல்றது? வீட்ட வாங்கிட்டு சாவிய வித்தவன்கிட்டயே குடுத்து வெப்போமா?"

"சரி மச்சான், ஒடச்சா எதுனா ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆவாது. ஜாஸ்தி போனா வாரண்டி போவும். அது என்னைக்கோ முடிஞ்சி போச்சே!"

போனின் பூட்டை உடைத்து அதன் பழைய மென்பொருளை ஏற்றினான். என் குரலின் பூட்டுடைத்த நகல் ஒன்றை எங்கிருந்தோ இறக்கிப் போட்டான். கூடவே நான் கேட்காமலே சினிமாவுக்கு ஒரு செயலி, கிரிக்கெட்டுக்கு ஒரு செயலி. "எல்லாம் ஓசி மாமா." கண் தெரியாதவனுக்கு எதற்கடா கிரிக்கெட் என்றால், "சும்மா இருக்கட்டும் மாமா, காசா பணமா" என்கிறான்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துக் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தான். பூட்டுடைப்பதற்கு இவன் வைத்திருந்த ஃபைலை அவன் காப்பி அடித்துவிட்டானாம்.

"ராப்பகலா ஒக்காந்து தேடிப் புடிச்சது மாமா. நோவாம தூக்கினு போயிட்டான், திருட்டுப் பய."

"நீ அத எங்கேர்ந்துடா எடுத்த?"

"அது நெட்ல கெடந்தது" என்றான், அது வேறு சமாச்சாரம் என்கிற தோரணையில்.

அன்று மாலை பஸ்ஸில் ஜலதோஷக்காரர் திரும்பிவிட்டார். முதுநகர் தாண்டி தொழிற்சாலைகளின் ரசாயன வாடை ஜன்னல் வழியே வருவதற்குள் ஒரு முழுச் சுற்றறிக்கையைப் படித்து முடித்தார். புதுச்சத்திரத்தில் சிக்னல் போயிற்று. அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேலையை மட்டும் என் கண் ஒழுங்காகச் செய்யும்.

இந்தச் சந்தோஷத்தை ஆசிரியர் அறையில் சொல்லப் போய்த்தான் கணினி ஆசிரியர் என்னைத் திருடனாக்கினார். சிந்திய டீயைத் துடைத்துவிட்டு நானும் விடவில்லை.

"நான் காசு குடுத்து வாங்குன குரல் சார் அது."

"வாங்கல சார். வாங்கினதா நெனச்சிக்கிட்டீங்க. அவுங்க குடுத்தது லைசென்ஸ். வாடகைக்குக் குடியிருக்கற மாதிரி."

"வாடகை வீட்ட இடிக்கிறவன் அட்வான்ஸயாவது திருப்பித் தருவானே?"

"அதெல்லாம் நீங்க ஓகே குடுத்த கண்டிஷன்ல இருக்கும். படிக்காம ஓகே குடுத்தா யார் தப்பு?"

"சரி சார். படிச்சிட்டு ஓகே குடுத்தவங்க யாருனா இந்த ரூம்ல இருக்கீங்களா?"

யாரோ ஒருவர் இருமினார். பிறகு தமிழாசிரியை, "அதுக்குன்னு எல்லாரும் கிராக் போட்டா, அத உருவாக்குனவன் சோத்துக்கு எங்க சார் போவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதை மதித்துத்தானே முதலில் காசு கொடுத்தேன்! ஆனால் கேட்டது யார் என்று பாருங்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் வெளியான படத்தை மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட புண்ணியவதி அவர்தான். 'பிரிண்ட் சுமார், ஆடியோ சூப்பர்' என்று எனக்காகவே தனியாக ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்.

கணினி ஆசிரியரையும் சும்மா விட மனமில்லை. ஆசிரியர் அறைக் கணினியில் நான் உட்காரும்போதெல்லாம் திரையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் வரியை அதிலுள்ள திரைவாசிப்பான் எனக்குப் படித்துக் காட்டும். இந்த மென்பொருள் அசல் அல்ல, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்பது அதன் சாரம். கண் உள்ளவர்கள் யாரும் அப்படியொரு வரியைப் பார்த்ததே இல்லையாம். இதைப் போட்டது யார் சார் என்று கேட்டேன்.

"அது ஸ்கூல் வேலைக்கு சார். நம்ம சொந்த லாபத்துக்கா போட்டிருக்கு?"

அதே கணினியில்தான் அவர் காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அடித்திருந்தார். இணையக் குற்றங்கள் மூன்றினைக் கூறுக என்று அதில் ஒரு கேள்வி, மதிப்பெண் ஐந்து.

அன்று வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். அந்தக் குஷி அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவுக்குப் பணம் கட்டப் பேங்க் செயலியைத் திறந்தால், 'இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல, செயலி மூடப்படுகிறது' என்றது. தன்னைக் காட்டிக்கொடுத்த சேதியை ஜலதோஷக்காரரே மூன்று மடங்கு வேகத்தில் படித்தார், பாவம். பூட்டுடைத்த போனில் பேங்க் வேலை செய்யாது என்பதை மச்சான் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால், "அட, அதையும் ஏமாத்தலாம் மாமா" என்றான். ஏமாற்றினான். கொஞ்ச நாள் ஏமாந்தது. பிறகு பேங்க் செயலியும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு விழித்துக்கொண்டது.

சிதம்பரத்தில் என் பேங்க்குக்கே போனேன். வாசல் காவலாளி கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார வைத்தார். அந்த அம்மா காவலாளியிடம், "சாருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் மேடம், வாயும் இருக்குது" என்றேன். "போன் எனக்குப் படிச்சுக் காட்டணும், அதே போன்ல நான் பணமும் அனுப்பணும். ரெண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்க."

"எல்லாம் உங்க சேஃப்டிக்குத்தான் சார். உங்களமாதிரி மாற்றுத்திறனாளிங்கள ஏமாத்தறவங்க ஜாஸ்தி. லாக் ஒடச்ச போன்ல எவன் வேணா உள்ள பூந்து பாப்பான். பழையபடி மாத்திடுங்க, எல்லாம் சரியாயிடும்."

"மாத்துனா படிக்க முடியாது மேடம்."

"வீட்ல யாரயாவது படிச்சிக் காட்டச் சொல்லுங்களேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்று எனக்கே தெரியும். மச்சான் போட்ட ஓசி கிரிக்கெட்டுக்குள் எவன் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானோ! இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எதை விடுவது? வாரக்கணக்கில் யோசித்தேன். ஆட்டோக்காரர்கள் கையில் நோட்டை நீட்டி நீட்டி அலுத்துப்போய், கடைசியில் குரலை விட்டேன். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே போனைப் பழையபடி பூட்டிக் கொடுத்தான். இனிமேல் திரும்ப உடைக்க முடியாதாம். புதிய மென்பொருளில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்களாம். தேன்குரல்காரி வந்து உட்கார்ந்தாள். வீடு வரை அவள் விட்டு விட்டுப் பேசியதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். சாவு வீட்டிலிருந்து திரும்புகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து பேங்க் செயலியைத் திறந்தேன். திறந்தது. அப்பாடா என்று எண்ணைத் தட்டப் போனால் ஓர் அறிவிப்பு. 'உங்கள் திரையைப் படிக்கும் செயலி ஒன்று இயங்குகிறது. உங்கள் பாதுகாப்புக்காக அதை நிறுத்தவும்.'

அடப்பாவிகளா! திருடனும் திரையைப் படிக்கிறான், என் திரைவாசிப்பானும் திரையைப் படிக்கிறது. பேங்க்குக்கு இரண்டும் ஒன்றாம். போன முறை புதுப்பித்தபோது இந்தப் புத்தி வந்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பாட்டெல்லாம் கேட்க வைத்த பிறகு ஒரு பையன் வந்து, திரைவாசிப்பானை நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரை எண்ணை அடிக்கச் சொல்லும்படி பணிவோடு சொன்னான். குரலும் போயிற்று, பணமும் கைமாறிற்று. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மனைவி, "எங்கிட்ட நம்பரச் சொல்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள். எண்ணைச் சொன்னேன். அவளும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவள், நான் போகும் கடைக்கெல்லாம் கூட வர முடியுமா?

எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் நம்பிக்கையானவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பாலோ அரிசியோ வாங்கினால் போனை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் திரைவாசிப்பானை நிறுத்துவார், செயலியைத் திறப்பார், "நம்பர் சார்" என்பார். ரோட்டு இரைச்சலில் முதல் தடவை சொன்னது அவருக்குக் கேட்காது. கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. உரக்கச் சொல்வேன். எண்ணை மாற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மனைவியைக் கொண்டு மாற்றினாலும், மறுநாள் அதையும் இதே கடையில்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

போன வாரம் சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். சாமான் வாங்கிக்கொண்டு போனை நீட்டினேன். கடைக்காரர் "நம்பர் சார்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் என் ரகசிய எண்ணை வரிசை தப்பாமல் சொல்லிற்று. யாரென்று தெரியவில்லை.

"தெனமும் கேக்கறோமே சார், மனப்பாடம் ஆயிடுச்சி" என்றார் அந்த அம்மா.

கடைக்காரர் தட்டினார். பணம் போய்விட்டது. திரைவாசிப்பானை மறுபடி முடுக்கி என் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பேங்க்கிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. தேன்குரல்காரி கடை முழுக்கக் கேட்கும்படி படித்தாள், 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதற்கடமை. உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் பகிராதீர்கள்.'

"ஆமா சார்" என்றார் பின்னால் நின்ற அம்மா, உண்மையான அக்கறையோடு. "யார்ட்டயும் சொல்லிடாதீங்க. காலம் ரொம்பக் கெட்டுக் கெடக்குது."