டிகிரி அய்யா வீட்டுக் கடல்

பால் குடத்துக்குள் கண்ணாடிக் குழலை இறக்கிவிட்டு எர்னஸ்ட் குனிந்து பார்க்கும்போது, சித்தூர் பஜாரில் அந்த மூலை மட்டும் பேச்சடங்கிப் போகும். குழலின் கழுத்தில் 'எம்' என்று ஒரு கோடு உண்டு. கோடு பால் மட்டத்தில் நின்றால் நல்ல பால். முழுகினால் தண்ணீர் கலந்த பால். முழுகிவிட்டால் எர்னஸ்ட் திட்டமாட்டார், கத்தமாட்டார். சாக்கடையைக் கண்ணால் காட்டுவார், அவ்வளவுதான். முன்பிருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் வாய் ஓயாமல் திட்டுவாராம். அவரே தேவலை என்று பால்காரிகள் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

அந்தக் குழலுக்கு ஊரில் 'டிகிரி' என்று பெயர். ஆகவே அவருக்கு டிகிரி அய்யா என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டிகிரி இருக்கும். சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் போவார், குழல் உடைந்துவிடக் கூடாதே! மாதாகோவிலில் முழங்காலிடும்போதும் அதை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். கை நெஞ்சில் இருப்பதைப் பார்த்துப் பக்தி என்று நினைத்த பாதிரியார் ஒருவர் இருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு யார் வருவார்கள்? மிஷன் காம்பவுண்டுக்குப் பின்தெருவில் அவர் வீடு. கல்யாணமாகி அங்கே குடிவந்த நாளிலிருந்து படியேறியவர்கள் எல்லாரும், "இந்த ஒரு தபா மன்னிச்சுடுங்க" என்று சொல்ல வந்தவர்கள்தான். அவர் மனைவி கிரேஸ் பலகாரம் செய்தால் அதைத் தின்ன ஆள் கிடையாது. அக்கம்பக்கத்தார் வாசலோடு நின்று பேசிவிட்டு, பின்கட்டில் தங்கள் மாடு கட்டியிருப்பது நினைவுக்கு வந்ததும் நழுவிவிடுவார்கள். எர்னஸ்டுக்கு இது உறுத்தாமலில்லை. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

உத்தியோக விஷயமாகச் சென்னைக்குப் போனபோது கடற்கரை மீன் காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கடப்பைக் கல்லை அடியில் போட்டு, தேக்குச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி பதித்து, மூலைகள் ஒழுகாமலிருக்கக் கீல் என்கிற தாரை உருக்கி ஊற்றி ஒரு தொட்டி செய்தார். லீவு போட்டுப் பழவேற்காட்டுக்கே போய், ஏரி கடலோடு சேரும் முகத்தில் செம்படவர்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்தார். முதல் தடவை கொண்டுவந்த மீன்களைப் பித்தளை அண்டாவில் ஏற்றினார். அரக்கோணம் வருவதற்குள் அத்தனையும் மல்லாந்துவிட்டன. இரண்டாம் தடவை மண்பானை. அதில் ஐந்து கீச்சான்களும் இரண்டு மடவைக் குஞ்சுகளும் உயிரோடு சித்தூர் ஸ்டேஷனில் இறங்கின. பின்னாலேயே கூட்ஸ் வண்டியில் ஒரு பீப்பாய் நிறையக் கடல் தண்ணீர் வந்தது.

கீச்சான் விரல் நீள மீன். வெள்ளி உடம்பில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடுகள். கையில் எடுத்தால் கீச்சென்று கத்தும். கடலையே பார்த்திராத ஊருக்கு இது போதாதா? முதலில் பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா வேதாச்சலம் வந்தார். பிறகு அவர் வீட்டுப் பெண்கள், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார், கோர்ட்டுக்கு வந்த கிராமத்தார். கடைசியில், நம்புங்கள், பால்காரிகளே வந்தார்கள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கங்கம்மாள் என்பவள் வாசற்படியில் நின்று பார்ப்பாள். இரண்டு முறை அவள் பால் சாக்கடைக்குப் போயிருக்கிறது. "இதுங்க இன்னா சாமி துன்னும்?" என்று கேட்டாள். "மண்புழு" என்றார் எர்னஸ்ட். அதுதான் அவர்களுக்குள் டிகிரி இல்லாமல் நடந்த முதல் பேச்சு. கிரேஸ் உள்ளேயிருந்து முறுக்குத் தட்டோடு வந்தாள். வீட்டில் மனிதக் குரல் கேட்கத் தொடங்கியது. மீனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் குரல்களும் போய்விடும் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும்.

அதனால் தொட்டியை அவர் கவனித்த கவனிப்பு கொஞ்சநஞ்சமல்ல. சைக்கிள் ட்யூபில் காற்றடித்து, அதன் வாயில் ரப்பர் குழாயைச் செருகி, தொட்டிக்குள் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டிருப்பார். காலையில் பஜாருக்குப் புறப்படுமுன் டிகிரியைத் தொட்டியில் விடுவார். பழவேற்காட்டுத் தண்ணீர் வந்த அன்று 'எம்' கோடு சற்றே முழுகி நின்றது. கால்வாசி தண்ணீர் கலந்த பாலும் கடலும் ஒரே கனம் என்று தெரிந்து, ஆண்டவருடைய கடலே தமது பரீட்சையில் தேறவில்லையே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்.

சித்தூர் வெயில் உங்களுக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. எர்னஸ்ட் பீப்பாயிலிருந்து கடல் தண்ணீரை மொண்டு ஊற்றிச் சரிக்கட்டினார். மறுபடி இறங்கும், மறுபடி ஊற்றுவார். வேதாச்சலம் ஒருநாள், "குறையறதுக்குக் கெணத்துத் தண்ணி ஊத்தினா போவுது. இதுக்குப் போயி பீப்பா எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

எர்னஸ்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "பச்சத் தண்ணி கலக்கறவங்களப் புடிக்கத்தான் எனக்கு உத்தியோகம் குடுத்திருக்குது. என் ஊட்லயே நான் கலக்கறதா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆடி மாதம் 'எம்' கோடு முழுகாமல் மட்டத்துக்கு வந்தது. எர்னஸ்டுக்குச் சந்தோஷம். ஆவணியில் மட்டத்துக்கு மேலேயே எழும்பி நின்றது. அவர் இத்தனை வருஷத்தில் எந்தப் பாலிலும் கண்டிராத நேர்மை! கிரேஸைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் மடவைக் குஞ்சுகள் இரண்டும் அதற்குள் செத்திருந்தன. கீச்சான்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடிக்கல்லோடு ஒட்டிக் கிடந்தன. உடம்பில் ஏதோ பாலாடை படர்ந்தது. மண்புழு போட்டால் ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்கள், "தூங்குதா?" என்று கேட்டுவிட்டு முறுக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தானா புரட்டாசி பிரம்மோற்சவம் வர வேண்டும்! காலரா வராமல் பார்த்துக்கொள்ள ஜில்லாவிலுள்ள சுகாதார சிப்பந்திகள் எல்லாரும் திருப்பதிக்குப் போயாக வேண்டும். புறப்படும்போது எர்னஸ்ட் மனைவியிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "தண்ணி குறைஞ்சா பீப்பாய்த் தண்ணி. வேற ஒரு சொட்டு விழக் கூடாது, கிரேஸு." அவள் தலையாட்டினாள்.

திருப்பதியில் அவர் கிணறு கிணறாக மருந்து கலந்தார். சத்திரம் சத்திரமாகப் பாலில் டிகிரியை விட்டார். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு சித்தூரில் இருந்தது. கோயில் குளத்துப் படியில் ஜனங்கள் பொரியை வீச, குளத்து மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றுகொண்டிருந்தன. எர்னஸ்ட் அவற்றைப் பொறாமையோடு பார்த்தார். கூட வேலை செய்த அம்மை குத்துகிற சம்பத், "இன்னா சார், மொகமே சரியில்ல. ஊட்ல யாருக்கானா ஒடம்பு முடியலியா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா. அஞ்சு பேருக்கு" என்றார் எர்னஸ்ட்.

சம்பத் பயந்துபோய், காலராவா என்று கேட்டான். அவர் அடுத்த கிணற்றுக்குப் போய்விட்டார்.

உற்சவம் முடிந்து பாகாலை வழியாக ரயிலில் வந்து இறங்கியவர், ஸ்டேஷனில் வண்டிக்குக்கூடக் காத்திராமல் நடந்தார். தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. அவர் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்று எட்டிப் பார்க்கிற கூட்டம். ஒரு வீட்டு வாசலில் அப்படிக் கூட்டம் கூடுவது எதற்காக என்று எல்லாருக்கும் தெரியும். போய்விட்டன, ஐந்தும் போய்விட்டன, துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. பையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக வந்தார்.

"வழி உடுங்க, அய்யா வந்துட்டாரு!" என்றாள் கங்கம்மாள்.

தொட்டியில் ஐந்து கீச்சான்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பாலாடை இல்லை, ஒடுங்கல் இல்லை. கறுப்புக் கோடுகள் மை தீட்டினாற்போல இருந்தன. வேதாச்சலம் ஒரு புழுவைப் போட்டார். அது தண்ணீரைத் தொடுமுன் மூன்று வாய்கள் மேலே வந்தன. கூட்டம் ஓவென்றது. எர்னஸ்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் வெட்கப்படவில்லை.

"பாத்தீங்களா, எல்லாம் பீப்பாய்த் தண்ணி மகிமை" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து டிகிரியை எடுத்துத் தொட்டியில் விட்டார். குழல் கொஞ்சம் ஆடியது. நின்றது. 'எம்' கோடு முழுகியிருந்தது.

எர்னஸ்ட் நிமிர்ந்து கிரேஸைப் பார்த்தார். பஜாரில் பால்காரிகளைப் பார்க்கிற அதே பார்வை. அவளும் பால்காரி மாதிரியே முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். தொட்டியின் மூலையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதை அப்போதுதான் அவர் கவனித்தார். மாதிரிப் பால் சீசாக்களுக்கு முத்திரை வைக்கிற அவருடைய அரக்கு.

"நீங்க போன மறுநாளு, நான் மாதாகோயிலுக்குப் போய்க்கினு வரேன், கூடமெல்லாம் தண்ணி" என்றாள் கிரேஸ். "மூலையில கீலு உட்டுப்போச்சு. மூணுல ஒரு பங்கு தண்ணி தரையில. பீப்பாயைச் சாய்ச்சா ரெண்டு செம்பு தேறல. அரக்கை உருக்கி அடைச்சேன். மீனுங்க குறைஞ்ச தண்ணியில கெடந்து பாக்குதுங்க, நான் இன்னா செய்ய? கெணத்துத் தண்ணி ஊத்திட்டேன். ஊத்திட்டு முழங்கால் போட்டேன், மறுநாள் வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. திரும்பிப் பாத்தா துள்ளுதுங்க. அப்புறம் தெனம் குறையறதுக்கும் அதான் ஊத்தினேன். உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னுதான்..."

கூடத்தில் எல்லாரும் எர்னஸ்டையே பார்த்தார்கள். டிகிரி அய்யா வீட்டுக்குள்ளேயே கலப்படம்! வேதாச்சலம் மட்டும் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார்.

எர்னஸ்ட் தொட்டியைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், மூலையில் காலியாகக் கிடந்த பீப்பாயைப் பார்த்தார். வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோயிற்று. உப்பு எங்கும் போகவில்லை. அதன்மேல் அவர் இன்னும் இன்னும் உப்பு ஊற்றியிருக்கிறார். ஏறிக்கொண்டே போன கோட்டைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டிருக்கிறார்.

"அடப்பாவி!" என்றார். எல்லாரும் கிரேஸைத்தான் சொல்கிறார் என்று பார்த்தார்கள். "மீனு வளக்கறேன்னு உப்புக்கண்டம் இல்ல போட்டுக்கினு இருந்திருக்கேன்!"

முதலில் சிரித்தவள் கிரேஸ். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக வந்தது. நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூடம் முழுவதும் சிரித்தது. எர்னஸ்டும் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே சித்தூருக்கு அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் கலைந்தபின் தொட்டியில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருப்பதைப் பார்த்தார். கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்தார். தொட்டியின் விளிம்புவரை கொண்டுபோனார். கை சாயவில்லை. இன்னொரு தரம் தூக்கினார், சாயவில்லை. எத்தனையோ பேரைக் கோர்ட்டில் நிறுத்திய கை, அவ்வளவு சுலபத்தில் கேட்குமா?

வாசற்படியில் இன்னும் நின்றுகொண்டிருந்த கங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "குடுங்க சாமி, நான் ஊத்தறேன்" என்றாள்.

எர்னஸ்ட் செம்பை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, தொட்டிக்கு நேரே பிடித்து, அப்படியே நின்றாள்.

"இன்னா, ஊத்து" என்றார்.

"நீங்க பாத்துக்கினு இருந்தா எனக்குக் கை வராது சாமி" என்றாள் கங்கம்மாள்.

எர்னஸ்ட் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.