ஞானமுத்து விட்டுச்சென்ற துப்பாக்கி

தனசேகரன் வாழ்நாளில் ஆசைப்பட்டுக் கேட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். ரங்கூனில் இன்சீன் ரயில் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். லுங்கி கிழிந்தால் மனைவி மஞ்சுளாதான் பார்த்து வேறு வாங்கி வர வேண்டும். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் சொல்லமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிமேல் ஐம்பது வருஷம் கண் வைத்திருந்தார் என்றால் தின்கன்ஜூனில் அக்கம்பக்கத்தார் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தத் துப்பாக்கி மிங்கலாடோனில் ஊ தான் மவுங் என்பவரின் வீட்டில் இருந்தது. மரக் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற பர்மியர். அங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஆணென்றால் ஊ, பெண்ணென்றால் டோ, இளையவரென்றால் கோ போடுவார்கள். தனசேகரனின் அம்மா அந்த வீட்டில் சமையல் செய்தாள். பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். குளிர்காலத்தில் கிழவர் வயல்வெளிக்கு உள்ளான் குருவி சுடப் போவார். பத்து வயசுத் தனசேகரன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவான். விழுந்த குருவியைச் சேற்றில் இறங்கி எடுத்து வருவது அவன் வேலை. திரும்பி வந்ததும் குழல்களுக்கு எண்ணெய் போடச் சொல்வார். துப்பாக்கியை மடக்கி மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிற்காலத்தில் பட்டறையில் எத்தனையோ இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியவர், அவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் இரும்பை வேறெங்கும் பார்த்ததில்லை என்பார்.

கிழவர் 1979இல் இறந்தார். எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு அதிகாரிகள் துப்பாக்கியின் சுடும் ஊசிகளைக் கழற்றி, குழல்களில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்து, இது சுடாது என்று முத்திரை போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அது வெறும் சுவர் அலங்காரம். தொண்ணூற்றாறில் தனசேகரன் ஒருமுறை போய்க் கேட்டார். கிழவரின் ஒரே மகள் டோ லா யீ கோபப்படவில்லை, சிரித்தாள். அப்பாவின் பொருளை விற்றுச் சாப்பிடும் நிலை வரவில்லை என்றாள். அவர் அவளை 'மமா' என்றே கூப்பிடுவார். பர்மிய மொழியில் அக்கா. சின்ன வயசில் அவருக்கு எழுத்துப் பழக்கியதும் தலையில் பேன் பார்த்ததும் அவள்தான்.

2018இல் அவளே ஆள் அனுப்பினாள். கணவர் இறந்துவிட்டார், வீட்டை விற்றாகிவிட்டது. மகன் கோ ஜோ லின்னோடு நாலாவது மாடி ஃபிளாட்டுக்குப் போகிறாள். மகனுக்குத் துப்பாக்கி வேண்டாம். "நீதான் அதைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தே, தம்பி. எடுத்துட்டுப் போ" என்றாள். காசு பேச்சே இல்லை. தனசேகரன் தாளை வார்டு ஆபீசில் காட்டிக் கையெழுத்து வாங்கி, போர்வையில் சுற்றி டாக்ஸியில் கொண்டுவந்தார். அன்று பிற்பகல் முழுக்க வாசல் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பிரித்துத் துடைத்தார். மஞ்சுளா எட்டிப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட இந்த மூஞ்சியை நான் பார்க்கவில்லை என்றாள்.

துப்பாக்கிக் கட்டையின் அடியில் சின்ன வெள்ளித் தகடு ஒன்று பதித்திருந்தது. அதில் ஆர். ஜி. என்று இரண்டு ஆங்கில எழுத்து. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது என்று கிழவர் சொல்லித் தனசேகரனும் கேட்டிருக்கிறார். அந்த வெள்ளைக்காரன் யார்? பெரிய துரையாக இருப்பானோ? அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. பட்டறையில் கூட வேலை பார்த்த மைக்கேல் இப்போது தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறார், ஆங்கிலமும் நன்றாக எழுதுவார். குழலின் அடியில் இருந்த எண்ணையும் செய்தவர் பெயரையும் படம் பிடித்து, இங்கிலாந்திலுள்ள அந்தத் துப்பாக்கிக் கம்பெனிக்கு அவர் எழுதினார். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. 1934இல் செய்தது. ரங்கூன் மரக் கம்பெனி ஒன்று, இருபது வருஷம் வேலை பார்த்த தன் தலைமைக் குமாஸ்தா ராபர்ட் ஞானமுத்துவுக்குப் பரிசளிக்கச் சொல்லிச் செய்வித்தது.

மைக்கேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "துரையும் இல்ல, பிரபுவும் இல்ல, தனா. நம்ம ஆளு."

தனசேகரனுக்கு முதலில் கொஞ்சம் சப்பென்று போனது. அப்புறம் அது வேறு மாதிரி ஆசையாக மாறியது. தன்னைப் போல ஒரு தமிழர், வயல்வெளியில் உள்ளான் சுட்டவர். அவருக்கு என்ன ஆயிற்று? மைக்கேல் பழைய பதிவேடுகளைத் தேடத் தொடங்கினார். ஞானமுத்துவின் கல்யாணம் இருந்தது. மகன் ஜோசப்பின் ஞானஸ்நானம் இருந்தது. 1940இல் விக்டோரியா என்ற மகளின் ஞானஸ்நானமும் இருந்தது. அதற்குமேல் குடும்பமே ஏட்டில் இல்லை. யுத்தத்தில் இந்தியாவுக்கு நடந்தே போனவர்களில் இவர்களும் இருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, கறையான் அரித்த கடிதக் கட்டு ஒன்றைக் காயவைக்கும்போதுதான் அந்தக் கடிதம் மைக்கேலின் கையில் சிக்கியது. பாளையங்கோட்டையிலிருந்து 1946இல் ஞானமுத்துவின் மனைவி மேரி சபைக் குருவுக்கு எழுதியது. தனசேகரன் அதைச் சபை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்.

'நாங்கள் 42 பெப்ருவரியில் புறப்படுகையில் கடைசிப் பிள்ளை விக்டோரியாவுக்கு அம்மை கண்டிருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தால் வழியிலே போய்விடும் என்று சொன்னபடியால், பக்கத்து வீட்டு ஊ தான் மவுங் வசம் பிள்ளையையும், என் புருஷருடைய துப்பாக்கியையும் ஒப்புவித்து வந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, நல்ல மனுஷர். என் புருஷர் தவுங்கப் மலையிலே பேதியில் இறந்துபோனார். பிள்ளைக்கு இடது முழங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு உண்டு. இப்போது ஆறு வயது. தயவுபண்ணி விசாரித்து எழுதவேணும்.'

ஓரத்தில் குருவானவர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'நேரில் போய்க் கேட்டேன். பிள்ளை அந்த மார்ச்சு மாதமே இறந்துவிட்டதாக அந்த மனிதர் சொன்னார். தாயாருக்கு எழுதியாயிற்று.'

தனசேகரன் கடிதத்தை மடியில் வைத்தார். பேன் பார்க்கும்போது தன் கண்ணுக்கு நேரே வந்து வந்து போன அந்த இடது முழங்கையை அவருக்குத் தெரியும். முக்கோணமாக, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவுக்கு ஒரு தழும்பு. கிழவர் சேரில் சாய்ந்திருக்க அவர் காலைப் பிடித்துவிடும் லா யீ மமாவையும் அவருக்குத் தெரியும்.

மைக்கேல் பாளையங்கோட்டைச் சபைக்கு, அந்தக் குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு எழுதினார். அங்கே ஜோசப்பின் பேத்தி ஷைலா என்பவள் பதில் போட்டாள். மேரி 1971இல் இறந்துவிட்டாள். ஜோசப் 2009இல். குடும்பக் கல்லறையில் மேரியின் பெயருக்குக் கீழே 'விக்டோரியா, 1940–1942, பர்மாவில்' என்று வெட்டியிருக்கிறது. கல்லறைத் திருநாளில் அந்தப் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைப்பது வழக்கம். மரியாதையாக எழுதிய கடிதம்தான், ஆனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

மஞ்சுளா, சொல்லவே கூடாது என்றாள். எழுபத்தெட்டு வயசுக் கிழவி. இனி இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாள்? யாரைப் போய்க் கட்டிப் பிடிக்கப் போகிறாள்? மைக்கேலோ வேறு மாதிரி சொன்னார். அந்தக் கடிதம் குருவுக்கு எழுதியதுதான், ஆனால் அந்த அம்மா தேடியது மகளை. எழுபது வருஷமாக உரிய முகவரிக்குப் போய்ச் சேராமல் கிடக்கிறது. நாம் யார் அதை அமுக்கி வைக்க?

தனசேகரன் மூன்று மாதம் இரண்டுக்கும் நடுவில் கிடந்தார். சுவரில் மாட்டிய துப்பாக்கியைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் சொல்வதற்கென்று துணிந்து போகவில்லை. அப்பா துப்பாக்கியை எப்படி வாங்கினார் என்று கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனார்.

நாலு மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தவருக்கு டோ லா யீ தேநீர் கொடுத்தாள். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஊ தான் மவுங்கின் பெரிய படம். கேள்வியைக் கேட்டதும், வெள்ளைக்காரனிடம் வாங்கினார், உனக்குத்தான் தெரியுமே என்றாள். தனசேகரன் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவருக்குப் பொய் சொல்லி வராது. அவள் முகத்தைப் பார்த்தே கேட்டாள், என்ன விஷயம் என்று.

அவர் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தார். வரிவரியாகப் பர்மிய மொழியில் சொன்னார். தழும்பு வந்த இடத்தில் அவள் கை தானாக முழங்கையை மூடியது. பென்சில் குறிப்பையும் சொன்னார். அவள் அழவில்லை.

"அப்புறம் அந்த அம்மா எழுதலையா?" என்று கேட்டாள்.

"கிடைச்சது இது ஒண்ணுதான், மமா."

"அப்போ நம்பிட்டாங்க."

அந்த அம்மா எந்த வருஷம் இறந்தாள் என்று கேட்டாள். அவர் சொன்னார். கல்லறையில் இருக்கும் பெயரையும் சொன்னார். அவள் கணக்குப் போட்டாள். அந்த வருஷம் தனக்கு முப்பத்தொரு வயசு, ஜோ லின் கைக்குழந்தை, அப்பா திடமாக இருந்தார், தினம் அந்தச் சேரில்தான் உட்கார்ந்திருந்தார் என்றாள். பிறகு வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் 'கலாமா' என்று கேலி செய்வார்களாம். இந்தியப் பெண்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். அப்பா போய் வாத்தியாரிடம் சண்டை போட்டு, என் மகள் என் அம்மாவின் நிறம் என்று கத்தினாராம். அவருடைய அம்மா எலுமிச்சம்பழ நிறம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அதைத் தமிழிலேயே படி" என்றாள்.

"உங்களுக்குப் புரியாதே, மமா."

"பரவாயில்ல. படி."

அவர் படித்தார். அவள் ஒரு சொல்லும் புரியாமல் கண்ணை மூடிக் கேட்டாள். விக்டோரியா என்ற பெயர் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தி, அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள்.

ஒரு மாதத்தில் கோ ஜோ லின் தின்கன்ஜூனுக்கே வந்துவிட்டார். மரியாதையான மனிதர், ஐம்பது வயசு. வாசலிலேயே நின்று பேசினார். அம்மா தாத்தாவின் படத்தை இறக்கிவிட்டாள். வருஷா வருஷம் அவர் நினைவு நாளில் புத்த பிக்குகளுக்கு உணவு படைப்பாள், இந்த முறை செய்யமாட்டேன் என்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, முழங்கையைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். "ஒரு துப்பாக்கியைக் கொடுத்தோம். அதுக்கு நீங்க திருப்பிக் கொடுத்தது இதா?" என்று கேட்டார். இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தனசேகரன் அவளைப் பார்க்கவில்லை. இருமுறை ஃபோன் செய்தார். ஒருமுறை எடுத்து, நன்றாக இருக்கிறேன் தம்பி என்றாள். அவ்வளவுதான்.

2021 பெப்ருவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊர் வேறாகிவிட்டது. தெருத்தெருவாக வீட்டுக்குள் புகுந்து சோதனை போட்டார்கள். முத்திரைத் தாளைக் காட்டி, ஈயம் அடைத்த துப்பாக்கி என்று விளக்கினால் கேட்க யாரிடமும் நேரம் இருக்கவில்லை. மஞ்சுளா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். தனசேகரன் பின்கட்டில் உட்கார்ந்து ரம்பத்தால் குழல்களை விரல் நீளத் துண்டுகளாக அறுத்தார். நல்ல இரும்பு, லேசில் அறுபடவில்லை. பூட்டைச் சம்மட்டியால் நசுக்கினார். கட்டையை விறகோடு வைத்து எரித்தாள் மஞ்சுளா. வெள்ளித் தகடும் அதோடு போனது. கழற்றி வைத்திருக்கலாம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. இரும்புத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பையோடு கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அந்த ஜூலையில் கொரோனா பரவி, ஊரெங்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசை நின்றது. டோ லா யீ போன செய்தி பதினோரு நாள் கழித்து ஓர் அறிமுகக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தனசேகரன் கோ ஜோ லின்னின் சொல்லை மீறி நாலு மாடி ஏறினார். கதவைத் திறந்தவர் மெலிந்திருந்தார், கோபம் இருந்த இடமே தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சிலிண்டர் கிடைக்க இரண்டு நாள் தாமதமாயிற்று, கிடைத்தபோது பயனில்லை என்றார். சுவரில் படம் இருந்த இடம் காலியாகவே இருந்தது.

"கடைசி ரெண்டு நாளும் 'அபே, அபே'னு அப்பாவைத்தான் கூப்பிட்டாங்க" என்றார் கோ ஜோ லின். "எந்த அப்பாவைன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் தைரியம் வரல."

சொன்னது சரியா தப்பா என்று மைக்கேல் பின்னால் ஒருமுறை கேட்டபோது, தெரியவில்லை என்றார் தனசேகரன். சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாகச் செத்திருப்பாள் என்றார். கொஞ்சம் பொறுத்து, ஆனால் விக்டோரியா என்ற பெயர் வந்த வரியை அவள் இரண்டு முறை படிக்கச் சொன்னாள் என்றார்.