பச்சை வண்டிக்குப் பொருத்தம் பார்த்தவன்

பழைய கார்களின் பூர்வீகம் பார்த்துச் சொல்கிற என் தொழில், தனக்குப் பிடித்துப்போன பெண்ணுக்கு வேறொருவனோடு பொருத்தம் பார்த்துக் கொடுக்கும் சோசியனின் பிழைப்பைப் போன்றது. வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்ன நிறம், ஹீட்டர் கேட்டு வாங்கியதா, கம்பிச் சக்கரம் அங்கேயே பூட்டியதா அல்லது பிற்பாடு யாரோ மாட்டியதா, இன்ஜின் கூடப் பிறந்ததா என்று ஆராய்ந்து எழுதிக் கொடுப்பேன். வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போவார். நான் என் மொபெட்டை உதைத்துக் கிளப்பி ஒண்டிக்கடைக்கு டீ குடிக்கப் போவேன். நகைக்கடையில் எடை போட்டுக் கொடுப்பவர்கள், வீட்டுத் தரகர்கள், அடுத்தவர் பொருளைத் தொட்டுத் தொட்டே ஐம்பதைத் தாண்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

சிவப்புதான் ராசி

சேலத்திலிருந்து ஒருவர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நான் இருக்கும் ஏற்காட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். தொழிற்சாலையிலேயே சிவப்பு அடித்தது என்று சொல்லி அவரிடம் விற்றிருந்தார்கள். இந்த விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. பெயின்ட் அடிக்கிறவனின் கை எட்டாத இடத்தைப் பார்க்க வேண்டும். நான் ஹீட்டர் பெட்டியைக் கழற்றினேன். அதன் அடியில் வெண்ணெய் நிறம் பளிச்சென்று இருந்தது. இங்கிலாந்தில் அந்த வண்டிகளின் பழைய பதிவுகளைப் பாதுகாக்கிற சங்கம் ஒன்று உண்டு. வண்டியின் எண்ணை எழுதிக் கேட்டேன். அவர்களும் வெண்ணெய் நிறம் என்றே பதில் போட்டார்கள்.

அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றும் சொல்லலாம். அவரோ வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, என் தோளில் கை போட்டு, ரகசியம்போலச் சொன்னார்: "சிவப்புதாங்க நமக்கு ராசி. கம்பெனிக்காரன் அன்னிக்கு ஏதோ ஞாபகத்துல வெண்ணெய் கலர் அடிச்சுட்டான், நீங்க திருத்தி எழுதிக் குடுத்துருங்க."

வெள்ளக்கடை ஷெட்டில்

என்னுடைய வண்டி வெள்ளக்கடைப் பக்கம் ஒரு சிறிய காபி எஸ்டேட்டின் ஷெட்டில் நின்றது. என்னுடையது என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அது சரோஜாம்மாவுடையது. அவருடைய வீட்டுக்காரர் ஓட்டியது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, முழங்கை வைத்துக்கொள்ளத் தோதாகத் தாழ்ந்த கதவு, காபி இலையின் கரும்பச்சை. வீட்டுக்காரர் இறந்தபின் அதை யாரும் ஓட்டவில்லை. எண்ணெய் மாற்றுகிறேன், எலிக்கூடு எடுக்கிறேன் என்று ஏதாவது சாக்கு வைத்து நான் பல வருஷமாகப் போய்வந்தேன். போனால் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். சரோஜாம்மா எல்லாம் தெரிந்தும் ஒன்றும் கேட்டதில்லை.

ஒருநாள் அவரே பேச்செடுத்தார். எஸ்டேட்டை விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் மகளோடு போய் இருக்கப் போவதாகவும், வண்டியைக் கேட்டுச் சேலத்துப் பார்ட்டி ஒருவர் வந்துபோனதாகவும் சொன்னார். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவுங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன் கண்ணு. அவுங்களே வேண்டாம்னு போயிட்டா வேற யாருக்கும் தரமாட்டேன், நீ முடிஞ்சதைக் குடுத்துட்டு ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போ."

சேலத்துப் பார்ட்டி

அந்தப் பார்ட்டி கதிர்வேல் என்று தெரிந்தபோது எனக்கு வாய் கசந்தது. இதே மலையில் செம்மநத்தத்துக்காரன், இப்போது சேலத்தில் இருப்பவன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவன் காபி மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராகப் போனான், நான் எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் டிரைவரானான். பிறகு ஒரு லாரி வாங்கினான். பிறகு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணினால் தூக்கம் வருவதில்லை. அவன் மேல் குற்றம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். குடிப்பதில்லை. யாரையும் ஏய்த்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் கிடையாது.

பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தான். அந்த வண்டிக்கு நானும் ஆசைப்படுகிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அவன் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு லாரியைத் தவுத்து ஒன்னும் தெரியாது மாப்ள. நீ பார்த்து நல்லாருக்குன்னா எடுத்துக்கறேன், வேண்டாம்னா உட்டுர்றேன்."

இழவு வீட்டு முகம்

இப்படியாக, நான் வேண்டாம் என்று சொன்னால் வண்டி எனக்கு. இந்த ஒரு வாக்கியத்தோடு மூன்று நாள் வாழ்ந்து பாருங்கள். பொய் எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாமா என்பது இன்னும் தெரியவில்லை. ஆனால் உண்மையான குறை ஒன்று கிடைத்தால் அதை எழுதுவதில் என்ன பாவம்? குறை தேடுவது என்று முடிவு செய்து, மெக்கானிக் பழனியைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஹீட்டர் பெட்டிக்கு அடியிலும் அதே பச்சை. ஹீட்டர் குழாய்க்கான துளை, அச்சில் வெட்டியதுபோல் விளிம்பு சுத்தமாக இருந்தது. உள்ளூரில் துளை போட்டால் பிசிறு இருக்கும். கம்பிச் சக்கரத்தைத் தொழிற்சாலையிலேயே கேட்டு வாங்கிய வண்டிக்குப் பின் அச்சே வேறு. இதில் அந்த அச்சுத்தான் இருந்தது. இன்ஜின் எண்ணும் பொருந்தியது. ஒவ்வொன்றாகச் சரியாக இருக்க இருக்க எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் இருக்கைகளுக்குப் பின்னால் கிடந்த பாயைத் தூக்கினேன். அங்கே இரண்டு இரும்புப் பட்டைகள், அவற்றுக்குள் செருகிய ஒரு முக்கோண மரக்கட்டை. நம் மலையில் ஓடுகிற எந்த வண்டியிலும் இருப்பதுதான். மேட்டிலோ இறக்கத்திலோ நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் இறங்கிச் சக்கரத்துக்கு அணையாக வைக்கிற கட்டை. அதற்காகத் தரைத் தகட்டிலே நாலு ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டையைச் சுற்றித் தகடு துருப்பிடித்திருந்தது. இப்படிப்பட்ட வண்டி வாங்குகிறவர்கள், தொழிற்சாலை போடாத ஒரு துளையைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். நான் எழுந்து நின்றபோது பழனி என்னை வினோதமாகப் பார்த்தான்: "ஏனுங்க, எல்லாம் கம்பெனிது, நல்லாருக்குன்னப்ப இழவு ஊட்டுக்கு வந்தாப்புல நின்னீங்க, இப்ப துருவைப் பார்த்துட்டுச் சிரிக்கறீங்க?"

நாலு ஓட்டை

கதிர்வேலுக்கு எழுதியதில் அந்த நாலு ஓட்டைதான் முதல் பக்கம். துரு, அதைச் சரிசெய்யத் தகட்டையே மாற்ற வேண்டிவரலாம் என்பது, தொழிற்சாலை அமைப்பைக் கெடுத்தது, அசல் தேடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் என்று விரிவாக எழுதினேன். இன்ஜின், அச்சு, ஹீட்டர், நிறம் எல்லாம் அசல் என்பதைக் கடைசியில் ஒரே வரியில் முடித்தேன். எதையும் மறைக்கவில்லை. எல்லாம் உண்மை. சோற்றை ஓரமாகவும் மிளகாயை நடுவிலும் வைத்துப் பரிமாறினேன், அவ்வளவுதான்.

அவன் சேலத்திலிருந்து போன் செய்தான். அவன் குரல் வழக்கம்போல் இல்லை. வேண்டாம் என்ற சொல்லுக்காக நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பட்டையில் கட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, சில்வர் ஓக் கட்டை என்றேன். சில்வர் ஓக்கா என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரி நிற்கும் முன்பே குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதுதான் கிளீனரின் முதல் வேலை. அவன் பிழைப்பு தொடங்கியதே அந்தக் கட்டையில்தான். இதை நான் எப்படி மறந்தேன்? மறந்தேனா, நினைக்க விரும்பவில்லையா? அதற்குள் அவன் பேசினான்: "துருவை மட்டும் சொரண்டச் சொல்லு மாப்ள, அந்த நாலு ஓட்டையை எவனாச்சும் அடைச்சான்னா கையை ஒடிச்சுப்புடுவேன். வண்டி எனக்குத்தான்."

கீழே இறங்கிய நாள்

பழனி ஓட்டத்துக்குத் தயார் செய்து வைத்த வண்டியை அவன் எடுக்க வந்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. கதிர்வேல் ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் நுழைய முடியவில்லை. வயிறு இடித்தது, முழங்கால் மடங்கவில்லை. சரோஜாம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நீயே ஓட்டு மாப்ள, சேலம் வரைக்கும் கொண்டுவந்து விடு என்று சொல்லிவிட்டு, அவன் பக்கத்து இருக்கையில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இத்தனை வருஷம் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்த ஸ்டியரிங், முதல் வளைவில் என் கைக்குத் திரும்பியது. அந்த நிமிஷம் மட்டும் எனக்கு யார் மேலும் எரிச்சல் இல்லை.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்று ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும். ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி நிற்காமல் மெல்ல நழுவியது. நான் கால் பிரேக்கைத் தேடுவதற்குள் கதிர்வேல் கதவைத் திறந்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து முன்சக்கரத்தடியில் கட்டையை உதைத்துத் தள்ளிவிட்டான். பிறகு பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் வீசி, வா வா என்று கத்தினான். பஸ் டிரைவர் எங்களை ஒட்டி வந்ததும் வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க ஓனரே, வண்டி நொம்ப ஜோரு, கிளீனருக்குத்தான் வயசாயிருச்சு, மாத்திருங்க!"

பஸ்ஸே சிரித்தது. கதிர்வேலும் தலையில் கை வைத்துச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர, வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், கட்டையை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கதவில் இரண்டு தட்டு தட்டினான்: "போலாம் ரைட்டுங்க, ஓனரே!"

அந்த ஒரு வளைவில் ஓனர் நான், கிளீனர் அவன், அப்படியும் பொறாமை இடம் மாறி உட்காராமல் என் பக்கமே இருந்துவிட்டது.