தண்ணி பிடிக்கப் போன கேப்டன்

இன்னைக்கு என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. சம்பளமே இல்லாத வேலை வே அது!

கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுத எங்க குழுவுல ஒரு சட்டம் உண்டு. விமானம் இறங்கி நிக்கிற வரைக்கும் பைலட் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது.

சென்னையில இருந்து தூத்துக்குடிக்கு வந்துக்கிட்டு இருந்தேன். தச்சநல்லூர்ல எங்க தெருக் குழாயில தண்ணி வந்துட்டு. ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு, குடத்தைத் தூக்கிட்டு ஓடுனேன்.

திரும்பி வந்தா தலைமை பைலட் போன்ல நிக்காரு. சீவலப்பேரியில உரக்கடை வச்சிருக்க அண்ணாச்சி.

"மேப்பைப் பாரும். விமானம் தூத்துக்குடியத் தாண்டி கடலுக்கு மேல போகுது. உம்ம நம்பி ஏறுன பயணிகளுக்கு யாரு வே பதில் சொல்லுவா?"

"அண்ணாச்சி, குழாயில தண்ணி வந்துட்டு. விட்டா இனி எப்ப வருமோ?"

"அதெல்லாம் சட்டத்துல இல்ல. உம்மத் தூக்கியாச்சு."

குடிக்கத் தண்ணி இல்லாம கேப்டனா உக்காந்து என்ன வே செய்ய?

அதைக் கேக்குததுக்குள்ள அவரு கடையில யாரோ யூரியா கேட்டாங்க. "இந்தா வாரேன்"னு போனை வச்சிட்டாரு.

நானும் மேப்பைப் பாத்தேன். எங்க குழுவுல யாரு விமானம் எங்க போகுதுன்னு எல்லாம் அதுல தெரியும். கொச்சியில இறங்க வேண்டிய அண்ணாச்சி விமானம், அரபிக்கடலுக்கு மேல போய்க்கிட்டு இருக்கு. இதை எழுதுத வரைக்கும் திரும்பல.

மஸ்கட்ல இருக்கிற நம்ம ஆளுக யாராவது கொஞ்சம் மேல பாத்துச் சொல்லுங்க வே.