அருள்பாண்டி கண்டுவைத்த கூடு

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. விடிந்தும் விடியாமல் கற்பகவல்லி செருப்பு மாட்டுவதைப் பார்த்த நாத்தனார் வாசலை மறித்தாள்.

"பதினாறு கும்பிடுமுன்ன குருவி பாக்கப் போறீகளாக்கும். ஊரு என்ன பேசும் மதினி?"

"உங்கண்ணன் காட்டுறேன்னு சொன்ன குருவி. அவுகளுக்குப் பதிலா நான் போறேன். வழிய விடு ஆத்தா."

மாதம் ஒரு ஞாயிறு, ஆனைக்குட்டம் அணைப் பக்கத்துப் புல்வெளியில் சாபிர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்க நடப்பான். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அவனுக்கு வேலை. வருகிறவர்களும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள்தான். கற்பகவல்லியின் புருஷன் அருள்பாண்டி ஒரு நடையைக்கூடத் தவறவிட்டதில்லை. மூன்று வாரத்துக்கு முன் அங்கே ஆள்காட்டிக் குருவியின் கூட்டைக் கண்டுபிடித்தான். கூடு என்ன கூடு, வெறுந்தரையில் சரளைக் கல்லோடு கல்லாக நாலு முட்டை. யாராவது மிதித்துவிடுவார்கள் என்று ஒருவரிடமும் இடம் சொல்லவில்லை. மனைவியை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினான்.

"அடுத்த நடைக்கு நானே காட்டுதேன், அம்புட்டுப் பேரையும் தள்ளி நிக்க வச்சு."

அவனுக்கு நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுமுன் கலக்கி, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் புழுங்கி வெடிக்கும். சீசன் ஆர்டர் நெருக்கியதில், மிச்சத்தை அழிக்க மனமில்லாத போர்மேன் அதை அறையில் வைத்துப் பூட்டினான். மறுநாள் காலை அருள்பாண்டியை எடுக்கச் சொன்னான். மாட்டேன் என்றவனுக்கு, "அப்ப நாளையில இருந்து வராத" என்று பதில் வந்தது. அறைக்குள் போய் அவன் தொட்டதும் மருந்து வெடித்தது.

இழவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். முதலாளியும் மாலையோடு வந்து விதி என்றார்.

"பூட்டுன சாவி யாருகிட்ட இருந்துச்சு மொதலாளி?" என்று கேட்டாள் கற்பகவல்லி. அவர் காருக்குப் போய்விட்டார்.

புல்வெளியில் அவளே முன்னால் நடந்தாள். ஒற்றைப் பனையிலிருந்து கிழக்கே இருபது எட்டு. குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. எல்லோரையும் நிறுத்திவிட்டு சாபிர் குனிந்தான்.

"எங்கன இருக்கு அக்கா? எல்லாம் கல்லாத்தான் தெரியுது."

"உங்க காலுக்கு நாலடி முன்னால. மொத நாளு அவுகளும் மிதிக்கத்தான் போனாக."

நாலு முட்டையும் இருந்தன. ஒன்றில் மயிரிழை போல விரிசல். பதிமூன்று நாளில் முதல்முறையாக அவள் முகம் லேசாகத் தெளிந்தது.

அப்போது வடக்கே திம்மென்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. ஞாயிறுதான், ஆனால் சீசனில் எந்தக் கம்பெனிக்கு ஞாயிறு? இந்தப் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. புகை எந்தத் திசை என்று தேடிக்கொண்டே அவரவர் ஆளுக்குப் போன் போடுவார்கள். பைனாகுலர்கள் நெஞ்சில் தொங்க, பத்துப் பேரும் போனைக் காதில் வைத்திருந்தார்கள்.

"ஏலே, நீ வீட்லதான இருக்க?"

"குவாரி வெடிதானாம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மூச்சு விட்டார்கள். போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. அவர்கள் பின்வாங்கியதும் குருவி இறங்கி வந்து முட்டை மேல் உட்கார்ந்தது.

கற்பகவல்லி மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"யாருக்குக்கா போட்டீக?" என்றான் சாபிர்.

கல்யாணமான நாளிலிருந்து சத்தம் கேட்டதும் அவள் கை போடுகிற நம்பர் ஒன்றுதான்.

"எடுக்க மாட்டேங்காக தம்பி" என்றாள்.