கறுப்புத் தகட்டில் இரண்டு கண்கள்

ரவிகுமாரின் அறைக்கு முதல் தடவை போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள். நான்கு சுவரிலும் முகங்கள். எல்லாம் செத்தவர்களுடைய முகங்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருக்கிற ஸிபான் முதலாளியின் அச்சகத்தில் அவன் தகடு போடுகிறவன், மெஷினும் ஓட்டுகிறவன். நான் அங்கே இருபத்திரண்டு வருஷமாகத் தாள் மடிக்கிறவள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நிறம் விலகியிருக்கிறதா, வெட்டு கோணியிருக்கிறதா என்று படித்தவர்களுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். அவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள். நான் தாளைப் பார்ப்பேன்.

அச்சுத் தகடு என்பது மெல்லிய அலுமினியம். ஒரு வேலைக்குப் போட்ட தகடு அடுத்த வேலைக்கு உதவாது. ஆனபடியால் நாங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூரை ஒழுக்குக்கும் கோழிக்கூட்டுக்கும் பலகைச் சுவருக்கும் அடிப்போம். படம் இருக்கிற பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் அடிப்பது. எங்கள் வேலையில் பாதி முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைகள். செத்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குச் சோறு இறங்கும்? ரவிகுமார் மட்டும் முகம் உள்ளே பார்க்கும்படி அடித்தான்.

"ஏன்டா, ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா செத்தப்ப ஒரு போட்டோ இல்லக்கா. இப்ப அவங்க மூஞ்சி எனக்கு நெனவு வரமாட்டேங்குது. ஒரு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்ப எனக்கு மனசு வராது."

பத்தொன்பது வயதில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவன். இப்போது நாற்பத்தாறு. கல்யாணம் இல்லை. சுவரில் இருக்கிற ஒவ்வொருவரையும் அவனுக்குத் தெரியும். இவர் தபால்காரர், இவங்க டீச்சர், இவருக்குச் சிரிக்கவே வராது, வீட்டாட்கள் மூன்று தடவை படம் மாற்றிக் கொடுத்தார்கள் என்று காட்டிக்கொண்டே தேத்தண்ணி ஊற்றுவான்.

போன வருஷம் சித்திரை கழிந்து கஜலட்சுமி வந்தாள். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மகள் நிரோஷினியின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அட்டை அடிக்கவேண்டும். மகளும் கூடவே வந்திருந்தாள். வாய் ஓயாத பிள்ளை. தகடுகளை மேசையில் வரிசையாக வைத்ததும் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், ஏன் நாலு தகடு? நான் ஒருத்திதானே?"

ரவி உருப்பெருக்கிக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தான். "அச்சுல மூஞ்சின்னு ஒண்ணு இல்ல. எல்லாம் புள்ளி. மஞ்சப் புள்ளி, செவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு கலருக்கும் ஒரு தகடு. நாலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தாத்தான் நீ."

"மூலைல இந்தச் சிலுவை?"

"அது பொருத்தக் குறி. நாலு தகட்டுலயும் இருக்கும். நாலு சிலுவையும் ஒண்ணா விழுந்தாத்தான் மூஞ்சி சரியா வரும். வெலகுச்சுன்னா ஒனக்கு நாலு கண்ணு."

அவள் சிரித்தாள். பிறகு கறுப்புத் தகட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். மனிதத் தோலுக்குக் கறுப்பு அவ்வளவாக வேண்டியதில்லை. அந்தத் தகட்டில் தலைமுடி, புருவம், நெற்றியில் பொட்டு, இரண்டு கண்கள். கன்னமில்லை, வாயில்லை.

"இதுல நான் பேய் மாதிரி இருக்கேன்ம்மா."

"வாயக் கழுவு!" என்றாள் கஜலட்சுமி.

அட்டை அச்சேறவில்லை. அந்தக் கிழமையே நிரோஷினியின் தாத்தா இறந்துபோக விழா தள்ளிப்போயிற்று. தகடு காற்றுப் பட்டுக் கெடாமல் இருக்க ரவி நான்குக்கும் கோந்து பூசி எடுத்துவைத்தான். மூன்று மாதம் கழித்து, புதுத் தேதி குறித்த பிறகு வேறு அட்டை அடிப்போம் என்று போன் வந்தது. அன்று பின்னேரம் நான்கையும் அவன் அறைக்குக் கொண்டுபோனான். தபால்காரருக்கும் டீச்சருக்கும் நடுவே இடம் இருந்தது. வரிசையாக அடித்தான்.

பிறகு மழை. நாவலப்பிட்டிப் பக்கம் மலை இறங்கி அவர்கள் குடியிருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகள் முழுவதையும், கொண்டுபோனபோது கஜலட்சுமி மருந்தெடுக்க டவுனுக்குப் போயிருந்தாள். வீட்டில் நிரோஷினி இருந்தாள். மண்ணைத் தோண்டி அவள் உடலை எடுத்தார்கள், அவளுடைய ஒரு படத்தைக்கூட எடுக்க முடியவில்லை. ஆல்பம், போன், ஸ்டுடியோக்காரன் படம் போட்டுக் கொடுத்த பென் டிரைவ், எல்லாம் மண்ணுக்குக் கீழே. அதே மழையில் மகாவலி ஆறு எங்கள் அச்சகத்துக்குள் மேசை உயரத்துக்கு வந்து கம்ப்யூட்டரையும் முடித்தது; மேட்டில் இருந்த ரவியின் அறைக்கு மட்டும் ஏறவில்லை.

இருபதாம் நாள் கஜலட்சுமி வந்தாள். கதிரையைக் கொடுத்தேன், உட்காரவில்லை.

"அண்ணே, எம் புள்ள படம் ஒங்ககிட்ட இருக்குமா? முப்பத்தொண்ணுக்கு வைக்க ஒண்ணும் இல்ல."

ரவிகுமார் மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இல்லீங்க. எல்லாம் தண்ணியில போயிருச்சு."

அவள் போனதும் நான் துணியை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"செவுத்துல இருக்குதே, அது என்னடா?"

"எப்படிக்கா சொல்ல? உசுரோட இருந்த புள்ள. செத்தவங்க நடுவுல வச்சு நான்தான் ஆணி அடிச்சேன். ரெண்டு மாசத்துல மண்ணு எடுத்துருச்சு. நான் அடிச்சதால தான்கா."

அப்போதுதான் அவன் அறைக்குப் போவதையே நிறுத்தியிருந்தது எனக்குத் தெரியவந்தது. அச்சகத்திலேயே தாள் கட்டுகளுக்கு நடுவே படுத்திருக்கிறான். கறுப்புத் தகட்டின்மேல் துவாயைத் தொங்கவிட்டுப் பார்த்தானாம். கூரை ஒழுகித் துவாய் நனைந்து, அந்த இரண்டு கண்களும் துணிக்கு மேலே தெரிந்தனவாம். நான் போய்ப் பார்த்தேன். துவாய் காய்ந்திருந்தது. ஆனாலும் அந்த அறையில் எனக்கு முதுகைத் திருப்ப முடியவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன்.

"நீ சொல்லாட்டி நான் சொல்லுவேன்," என்றேன். "அவ திட்டட்டும், அடிக்கட்டும். புள்ளைய ஒளிச்சு வைக்க நீ யாரு?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. அவனுக்கு முன்னால் வைத்தே, கஜலட்சுமி கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பருக்குப் போன் எடுத்து அவளை வரச் சொன்னேன்.

கஜலட்சுமி காலை பஸ்ஸில் வந்தாள். ரவிகுமார் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் உள்ளே போனாள். தபால்காரரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு நான்கு நிரோஷினி. மஞ்சளில் புகை மாதிரி, சிவப்பில் முழு முகமாய், நீலத்தில் தூங்கி எழுந்தவள் மாதிரி. கறுப்பில் கண்கள் மட்டும். தகடுகள் எல்லாவற்றுக்கும் மூலையில்தான் ஆணி. கறுப்புக்கு மட்டும், காற்றுக்குத் தட்டுகிறது என்று, நடுவிலும் ஒன்று அடித்திருந்தான். அது அவளுடைய நெற்றியில் இறங்கியிருந்தது.

"எப்ப அடிச்சீங்க?"

"ஆவணியில. புள்ள நல்லா இருந்தப்ப." அவன் வாசற்படியைத் தாண்டாமலே சொன்னான். "என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்கம்மா."

கஜலட்சுமி நெற்றி ஆணியை விரலால் பிடித்து ஆட்டினாள். வரவில்லை. நகத்தில் இரத்தம் வரும்வரை ஆட்டிக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். "இப்ப எடுங்க மத்ததை," என்றாள்.

அன்றைக்கு ஸிபான் முதலாளி மற்ற வேலையெல்லாம் நிறுத்தினார். "மெஷின எடுங்கொ ரவி. மொதல்ல அந்தப் புள்ளட வேல."

மூலை ஆணி ஓட்டைகள் வெட்டுக்கோட்டுக்கு வெளியே இருந்தன. அட்டையைப் பெரிதாக அடித்துவிட்டு ஓரத்தை வெட்டி எறிவது எப்போதும் வழக்கம். அந்த ஓட்டைகள் ஓரத்தோடு போய்விடும். விழாவின் தேதியையும் அழைப்பு வரிகளையும் ரவி தகட்டை அழிக்கும் மருந்து தொட்டு அழித்தான். தூரிகை இன்னும் கீழே இறங்கியபோது கஜலட்சுமி அவன் கையைப் பிடித்தாள்.

"அது அவ பேரு. அதை விடுங்க."

எங்கள் மெஷின் ஒரு தடவைக்கு ஒரு நிறம்தான் அடிக்கும். முதலில் மஞ்சள்; தாளில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பிறகு சிவப்பு, கன்னம் வந்தது. நீலம் போனபோது விலகிவிட்டது. ஒரு முகத்துக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு முகம் எழும்பி வருகிறது மாதிரி இருந்தது. கஜலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணாடியை வைத்துச் சிலுவைகளைப் பார்த்து, "இடப்பக்கம் ஒரு முடி அளவு," என்றேன். ரவி திருகினான். "இன்னும் கொஞ்சம். நில்லு." சிலுவைகள் ஒன்றாயின.

கடைசியில் கறுப்பு. நிரோஷினி கண்ணைத் திறந்தாள்.

பொட்டு இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், ஆணி இறங்கிய அளவுக்குக் கறுப்பு விழாமல் ஒரு வெளிறிய புள்ளி. ரவிகுமார் அதைப் பார்த்துக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். கஜலட்சுமி பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, மை காய்வதற்கு முன்னால், ஒவ்வொரு அட்டையாக விரலால் வைத்தாள். இருநூறு அட்டைக்கும் அவள்தான் வைத்தாள். என்னைத் தொடவிடவில்லை.

அவள் போகும்போது தகடுகளைக் கொண்டுபோகச் சொன்னான் ரவி. அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"எனக்கு வைக்க ஏது செவுரு? அங்கயே அடிங்க. மூலையில மட்டும்."

இப்போது அவன் மறுபடி அந்த அறையில்தான் இருக்கிறான். ஆற்றுப்பக்கக் காற்று வந்தால் மற்ற முகங்கள் சும்மா இருக்கும்; கறுப்புத் தகடு மட்டும் சுவரில் தட்டும். நான் போயிருந்த அன்றும் தட்டிற்று. சுத்தியல் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ரவிகுமார் எழும்பிப் போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, காற்று அடங்கும்வரை நின்றான்.